நினைவகம் இருக்கிறது, முகவரிதான் இல்லை: பழைய டாஸ் நிரல்களும் 640 கேபி எல்லையும்

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் 1990களில் நிரல் ஓட்டிய பலருக்கும் ஒரு குழப்பம் வந்தது. கணினியில் 16 எம்பி நினைவகம் இருக்கிறது. நிரல் கேட்பதோ 600 கேபிக்கும் குறைவு. ஆனாலும் "போதிய நினைவகம் இல்லை" என்று சொல்லி நின்றுவிடுகிறது. 16 எம்பி என்றால் 16,384 கேபி ஆயிற்றே, கேட்டதைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் இருக்கும்போது எப்படிப் போதாமல் போகும்?

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. சில பழைய நிரல்கள், காலியிடம் அதிகமாக இருப்பதாலேயே ஓட மறுக்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காலத்துத் தட்டுப்பாடு நினைவகச் சில்லுகளில் மட்டும் இல்லை, முகவரிகளிலும் இருந்தது. சில்லு வாங்கிச் செருகலாம். முகவரியை அப்படி வாங்க முடியாது.

அடிப்படை: முகவரிக் கம்பிகள்

நினைவகத்தை ஒரே நீளத் தெருவாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண். செயலி ஒரு பைட்டைப் படிக்க வேண்டுமென்றால் அதன் எண்ணை முகவரிக் கம்பிகள் வழியாக அனுப்புகிறது. ஒரு கம்பியில் 0 அல்லது 1 மட்டுமே போகும். எனவே எத்தனை கம்பிகள் என்பதே எத்தனை வீடுகளுக்கு எண் கொடுக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெல் 8088 செயலி. அதற்கு 20 முகவரிக் கம்பிகள். 2ஐ இருபது முறை பெருக்கினால் 10,48,576. அதாவது சரியாக 1 எம்பி. அதற்கு மேல் ஒரு பைட்டைக்கூட அந்தச் செயலியால் பார்க்க முடியாது. அப்போது இது சின்ன அளவாக யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தைய 8 பிட் கணினிகள் நேரடியாக எட்டக்கூடியது 64 கேபிதான். ஐபிஎம் பிசியின் அடிப்படை மாதிரியே 16 கேபியோடு விற்கப்பட்டது.

16 பிட் பையில் 20 பிட் எண்

8088க்குள் எண்களை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்கள் 16 பிட் அகலமானவை. 16 பிட்டில் 65,535க்கு மேல் எண்ண முடியாது. முகவரியோ 20 பிட். இதைச் சமாளிக்க இன்டெல் இரண்டு எண்களைச் சேர்த்து ஒரு முகவரி ஆக்கியது:

1. முதல் எண் செக்மென்ட். அதை 16ஆல் பெருக்க வேண்டும்.
2. இரண்டாவது எண் ஆஃப்செட். அதைக் கூட்ட வேண்டும்.

செக்மென்ட் 1,000, ஆஃப்செட் 32 என்றால் முகவரி 16,032. செக்மென்ட் 1,002, ஆஃப்செட் 0 என்றாலும் அதே 16,032. ஒரே வீட்டுக்குப் பல கதவு எண்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய விளைவுகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் விளைவு, செக்மென்டை மாற்றாமல் ஒரு நிரல் எட்டக்கூடிய தூரம் 64 கேபி மட்டுமே. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் டர்போ சி வைத்துப் பயிற்சி செய்தவர்கள் இந்தச் சுவரில் மோதியிருப்பார்கள், காரணம் தெரியாமலே. 200 வரிசை, 200 நெடுவரிசை கொண்ட முழு எண் அணியை அறிவித்தால் அணி மிகப் பெரியது என்று கம்பைலர் (நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) மறுக்கும். கணக்கு எளிது: 200 பெருக்கல் 200 என்றால் 40,000 எண்கள். டர்போ சியில் ஒரு 'இன்ட்' 2 பைட். மொத்தம் 80,000 பைட். ஒரு செக்மென்டின் 65,536ஐத் தாண்டிவிட்டது. கணினியில் 8 ஜிபி இருந்தாலும் இந்தப் பதில் மாறாது, ஏனென்றால் அந்தக் கம்பைலர் எழுதித் தருவது 8088க்கான நிரலை.

அந்தப் பாடங்களில் வரும் நியர், ஃபார், ஹியூஜ் என்ற பாயிண்டர் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) வகைகளும் இதற்காகவே வந்தவை. நியர் பாயிண்டரில் ஆஃப்செட் மட்டும் இருக்கும், 2 பைட் போதும். ஃபார் பாயிண்டரில் செக்மென்டும் சேர்ந்து 4 பைட். இரண்டு ஃபார் பாயிண்டர்கள் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தும் "சமம் இல்லை" என்று ஒப்பீடு சொல்லக்கூடும். மேலே பார்த்த 16,032 போல, ஒரே இடம் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஹியூஜ் பாயிண்டர் இதைச் சரிசெய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், ஆனால் அந்தக் கூடுதல் வேலையால் மெதுவாக ஓடும். மாணவர்கள் இதைச் சி மொழியின் இலக்கணம் என்று நினைத்து மனப்பாடம் செய்கிறார்கள். இது ஒரு குறிப்பிட்ட செயலியின் வரலாறு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் எவ்வளவோ குழப்பம் குறையும்.

1 எம்பி எப்படி 640 கேபி ஆனது

8088 மின்சாரம் வந்ததும் தன் முதல் கட்டளையைத் தேடுவது தெருவின் கடைசியில், 1 எம்பி முடிய 16 பைட்டுகள் இருக்கும் இடத்தில். எனவே அழியாத ரோம் நினைவகம் மேல் முனையில் இருந்தாக வேண்டும். இன்டெரப்ட் (செயலியை இடைமறித்து அழைக்கும் சைகை) பட்டியல் இருப்பது கீழ் முனையில், முதல் 1,024 பைட்டுகளில். அதை நிரல்கள் மாற்ற வேண்டியிருப்பதால் அங்கே சாதாரண ரேம் இருந்தாக வேண்டும். ஆக, நிரல்களுக்கான ரேம் கீழிருந்து மேலே வளரும், இயந்திரத்தின் சொந்தத் தேவைகள் மேலே இருக்கும். எங்கே கோடு போடுவது என்பது மட்டுமே ஐபிஎம் பொறியாளர்கள் கையில் இருந்தது. அவர்கள் 640இல் போட்டார்கள்.

அதற்கு மேலே இருந்த 384 கேபியில் முக்கியமானவை:

1. 640இலிருந்து 768 கேபி வரை திரைக்கான நினைவகம். கறுப்பு வெள்ளை அட்டையின் எழுத்துகள் 704ஆவது கேபியிலும், வண்ண அட்டையின் எழுத்துகள் 736ஆவது கேபியிலும் தொடங்கின. பின்னால் வந்த ஈஜிஏ, விஜிஏ அட்டைகள் 640இலிருந்தே படங்களுக்கு எடுத்துக்கொண்டன.
2. 768 முதல் 960 வரை, செருகப்படும் அட்டைகளின் ரோம்கள்.
3. 960 முதல் 1,024 வரை, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல்.

இந்த எல்லை டாஸுடையது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எம்எஸ்-டாஸ் ஓடிய விக்டர் 9000 என்ற கணினியில் 896 கேபி வரை ரேம் வைக்க முடிந்தது. அங்கே கோடு வேறிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஐபிஎம் பிசியிலேயே எழுத்துத் திரை மட்டும் போதும் என்றிருந்தால், 640க்கும் 736க்கும் இடையிலுள்ள 96 கேபியை நிரல்களுக்குத் திருப்பித் தரும் கருவிகள் பின்னால் வந்தன.

"640 கேபி எல்லோருக்கும் போதும்" என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அவர் அதை மறுத்திருக்கிறார், ஆதாரமும் கிடைத்ததில்லை.

அந்த 640உம் முழுதாகக் கிடைக்காது. டாஸ், அதன் கட்டளை உறை (ஷெல்), மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், நெட்வொர்க் டிரைவர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். 1984இல் வந்த போர்லாண்டின் சைட்கிக் போல நினைவகத்திலேயே தங்கி, ஒரு விசையைத் தட்டினால் மேலே எழும் நிரல்களும் இந்த இடத்தில்தான் குடியிருந்தன. மீதியே விளையாட்டுக்கும் வேர்ட் பிராசசருக்கும். இந்த 640 கேபிக்கு கன்வென்ஷனல் மெமரி என்று பெயர். "போதிய நினைவகம் இல்லை" என்று பழைய நிரல் சொன்னால், பெரும்பாலும் அது பேசுவது இந்த ஒன்றைப் பற்றி மட்டும்.

ஜன்னல் வழியே பார்ப்பது: எக்ஸ்பாண்டட் மெமரி

முதலில் மூச்சுத் திணறியவர்கள் கணக்காளர்கள். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் விரிதாள் முழுவதும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். தாள் பெரிதானால் இடம் தீர்ந்துவிடும், வேலை பாதியில் நிற்கும். 1985இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஈஎம்எஸ் என்ற விதிமுறையை வெளியிட்டன.

அதன் யோசனை இது. மேலே உள்ள 384 கேபியில் 64 கேபி அளவு காலி இடத்தைப் பிடித்து, அதை 16 கேபி வீதம் நான்கு ஜன்னல்களாக்கு. பெரிய அட்டை ஒன்றில் பல எம்பி சில்லுகளை வை. நிரல் கேட்கும்போது அட்டையின் எந்த 16 கேபித் துண்டு எந்த ஜன்னலில் தெரிய வேண்டும் என்று மாற்று. முகவரி அதே, பின்னால் இருக்கும் சில்லு வேறு. 1987இல் வந்த 4.0 பதிப்பு 32 எம்பி வரை அனுமதித்தது.

ஆனால் இதைப் பயன்படுத்தத் தெரிந்த நிரலுக்கு மட்டுமே பலன். ஜன்னல் என்று ஒன்று இருப்பதே தெரியாத பழைய நிரலுக்கு 8 எம்பி அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தொடக்கத்தில் சொன்ன 16 எம்பி குழப்பத்துக்குப் பாதி விடை இதுவே.

80286: தெரு நீண்டது, பழைய நிரலுக்குத் தெரியவில்லை

1982இல் வந்த 80286க்கு 24 முகவரிக் கம்பிகள், 16 எம்பி. 1 எம்பிக்கு மேலிருக்கும் இந்தப் பகுதிக்கு எக்ஸ்டெண்டட் மெமரி என்று பெயர். எக்ஸ்பாண்டட், எக்ஸ்டெண்டட் என்று இரண்டுக்கும் இவ்வளவு ஒத்த பெயர் வைத்தது வாடிக்கையாளர்களுக்குச் செய்த பெரிய அநியாயம். இரண்டும் வெவ்வேறு: முன்னது ஜன்னல் வழியே, பின்னது நீண்ட தெருவில் நேரடியாக.

அந்த நேரடி வழிக்குச் செயலியை 'புரொடெக்டட் மோட்' என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். அந்த நிலையில் செக்மென்ட் எண்ணை 16ஆல் பெருக்கும் விதி கிடையாது. அது ஒரு பட்டியலில் உள்ள வரிசை எண்ணாகிவிடும். செக்மென்ட் எண்களைத் தாங்களே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த பழைய நிரல்கள் அங்கே உடனே விழுந்துவிடும். போதாததற்கு, 286ஐப் புரொடெக்டட் மோடுக்குக் கொண்டுபோகக் கட்டளை உண்டு, திரும்பிவரக் கட்டளை இல்லை. 286 செயலியோடு 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் திரும்பி வருவதற்கு, விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லைக் கொண்டு செயலியையே ரீசெட் செய்தார்கள். விழித்தெழும் பயாஸ், "இது உண்மையான தொடக்கம் இல்லை" என்று முன்பே எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து விட்ட இடத்துக்குத் தாவும்.

இதே ஏடியில் இன்னொரு சிக்கல் கிளம்பியது. 8088இல் செக்மென்டும் ஆஃப்செட்டும் மிகப் பெரிதாக இருந்தால் கூட்டுத்தொகை 1 எம்பியைத் தாண்டும். இருபத்தோராவது கம்பி இல்லாததால் அந்த முகவரி சுற்றிக்கொண்டு தெருவின் தொடக்கத்துக்கே வந்துவிடும். இதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இருந்தன. 286இல் இருபத்தோராவது கம்பி இருக்கிறது, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் அதன் பெயர் ஏ20. எனவே அங்கே முகவரி சுற்றாது. பழைய நிரல்களைக் காப்பாற்ற ஐபிஎம் ஏ20 கம்பிக்கு ஒரு கதவு வைத்து, அதையும் விசைப்பலகைச் சில்லின் பொறுப்பில் விட்டது. கதவு மூடியிருந்தால் கணினி 8088 போல நடக்கும். பின்னால் வந்த 80486 செயலியில் இதற்காகவே தனியாக ஒரு கால் (பின்) வைத்தார்கள்.

அந்தக் கதவைத் திறந்து வைத்தால் ஓர் ஆதாயமும் உண்டு. பழைய நிலையில் இருந்துகொண்டே 1 எம்பிக்கு மேலே 65,520 பைட்டுகளைத் தொடலாம். ஹைமெம் டிரைவர் இந்த இடத்தைத் திறந்துவிட்டது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 தன் உடலின் பெரும்பகுதியை அங்கே குடியேற்றிக்கொண்டு, கீழே 40 கேபிக்கு மேல் விடுவித்தது.

80386: ஓட்டைகளை நிரப்புதல்

1985இல் வந்த 80386க்கு 32 பிட் முகவரி, 4 ஜிபி வரை. முகவரிகளை 4 கேபித் துண்டுகளாக எங்கே வேண்டுமானாலும் திருப்பிவிடும் பேஜிங் வசதி. அதோடு, பழைய நிரலுக்குத் தான் ஒரு 8086இல் (8088 வகைச் செயலி) ஓடுவதாகக் காட்டும் 'வர்ச்சுவல் 8086' நிலை. ஈஎம்எம்386, கியூஇஎம்எம் போன்ற நினைவக நிர்வாகிகள் இந்த மூன்றையும் சேர்த்து வேலை செய்தன: 640க்கும் 1,024க்கும் இடையே யாரும் பயன்படுத்தாத முகவரிகளுக்குப் பின்னால் எக்ஸ்டெண்டட் மெமரியைப் பொருத்தி, டிரைவர்களை அங்கே ஏற்றின. ஈஎம்எஸ் அட்டை இல்லாமலே ஜன்னல்களையும் உருவாக்கின.

அப்புறம் வந்த பெரிய விளையாட்டுகள் இந்த ஒட்டுவேலைகளைத் தாண்டிப் போயின. 1993இன் டூம், டாஸிலிருந்து தொடங்கி, டாஸ்/4ஜிடபிள்யூ என்ற எக்ஸ்டெண்டர் வழியாகப் புரொடெக்டட் மோடுக்கு மாறி, 4 எம்பியைத் தடையில்லாமல் பயன்படுத்தியது.

இடம் கூடியதால் நின்றுபோன நிரல்கள்

இனி அந்த நேர்மாறான சிக்கல். டாஸ் 5.0க்கு மாறியவர்கள் சிலர், நேற்றுவரை ஓடிய நிரல் இன்று "பேக்ட் ஃபைல் இஸ் கரப்ட்" என்று சொல்வதைப் பார்த்தார்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை. நடந்தது இது:

1. மைக்ரோசாஃப்ட் லிங்கரில் (நிரலின் பகுதிகளை ஒரே கோப்பாக இணைக்கும் கருவி) எக்ஸ்இபேக் என்ற வசதி இருந்தது. நிரலைச் சுருக்கி, விரித்துக்கொள்ளும் சிறு துண்டு ஒன்றையும் கூடவே சேர்க்கும்.
2. அந்தத் துண்டு தன் வசதிக்காக ஆஃப்செட்டைப் பெரிதாக்கி, அதற்கு ஈடாகச் செக்மென்ட் எண்ணைக் குறைக்கும்.
3. நிரல் முதல் 64 கேபிக்குள் ஏறியிருந்தால் செக்மென்ட் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். 16 பிட்டில் எதிர்மறை இடம் இல்லை, அது சுற்றிக்கொண்டு மிகப் பெரிய எண்ணாகிவிடும்.

எளிமையாக்கிய ஒரு கணக்கு: செக்மென்ட் 2,000 என்றால் முகவரி 32,000. செக்மென்டிலிருந்து 4,095ஐக் கழித்தால் மைனஸ் 2,095, அதாவது 16 பிட்டில் 63,441. அதை 16ஆல் பெருக்கி, ஆஃப்செட் 65,520ஐக் கூட்டினால் 10,80,576. 8088இல் 1 எம்பியான 10,48,576 தானாகக் கழிந்துவிடும். மிச்சம் 32,000, சரியான இடம். ஏ20 கதவு திறந்திருந்தால் அது கழியாது. நிரல் 1 எம்பிக்கு மேலே போய், டாஸ் குடியிருக்கும் இடத்தில் தன் தரவைத் தேடும். கிடைக்காது.

முன்பெல்லாம் இது தெரியாமலே இருந்தது. முதல் 64 கேபியை டாஸும் டிரைவர்களும் அடைத்துக்கொண்டிருந்ததால் நிரல் அங்கே ஏற வாய்ப்பு குறைவு. அப்படியே ஏறினாலும் முகவரி சுற்றிக்கொண்டு சரியான இடத்துக்கு வந்துவிடும். டாஸ் 5.0 ஒரே நேரத்தில் கீழே இடத்தைக் காலி செய்தது, ஏ20ஐயும் திறந்தது. மைக்ரோசாஃப்ட் அதே டாஸில் லோட்ஃபிக்ஸ் என்ற கட்டளையையும் கொடுத்தது. அது நிரலை முதல் 64 கேபிக்கு மேலே ஏற்றும், வேறொன்றும் செய்யாது. எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் காலி செய்த இடத்தில் ஒரு பகுதியை வேண்டுமென்றே வீணாக்குவதுதான் மருந்து.

இதே வகையில் இன்னும் சில:

1. பயாஸின் பழைய சேவை ஒன்று எக்ஸ்டெண்டட் மெமரி அளவை 16 பிட்டில், கேபி கணக்கில் சொல்லும். எனவே 64 எம்பிக்கு மேல் அதால் சொல்லவே முடியாது. அதே எண்ணைக் குறியுள்ள (பிளஸ், மைனஸ் பார்க்கும்) எண்ணாக வாசிக்கும் நிரலுக்கு 32 எம்பியிலேயே எதிர்மறை அளவு தெரியும்.
2. 1992இன் அல்டிமா 7 விளையாட்டு தனக்கென்று ஒரு நினைவக நிர்வாகியைக் கொண்டுவந்தது. ஈஎம்எம்386 இருந்தால் அது ஓடாது. அதற்காகவே தனி பூட் வட்டு வைத்திருந்தார்கள்.
3. 512 எம்பிக்கு மேல் ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் 98, நினைவகம் போதவில்லை என்று சொல்லக்கூடும். கோப்புகளுக்கான கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), ரேமின் அளவைப் பார்த்துப் பெரிதாகி, முகவரி வெளியை அடைத்துவிடுவதே காரணம். கேஷுக்கு உச்சவரம்பு வைத்தால் சரியாகும்.

மூன்றாவது, 8088 காலத்துக்கு மிகவும் பின்னால் நடந்தது. ஆனால் அங்கேயும் தீர்ந்தது முகவரிதான், ரேம் இல்லை.

இன்று ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு

64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் நேரடியாக ஓடாது. செயலியின் 64 பிட் நிலையில் வர்ச்சுவல் 8086 வசதி கிடையாது, விண்டோஸும் டாஸ் நிரல்களுக்கான பகுதியை 64 பிட் பதிப்புகளில் வைக்கவில்லை. அதனால்தான் செயலியையே மென்பொருளாகப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸ் தேவைப்படுகிறது.

அதில் நிரல் நினைவகம் இல்லை என்றால், முதலில் 'மெம்' கட்டளையைத் தட்டி கன்வென்ஷனல், எக்ஸ்பாண்டட், எக்ஸ்டெண்டட் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். டாஸ்பாக்ஸ் தன் உடலை வெளியே வைத்திருப்பதால் வழக்கமாக 630 கேபிக்குச் சற்று மேல் கன்வென்ஷனலே காலியாக இருக்கும். அது போதாது என்று சொல்லும் நிரல் அரிது. எனவே அடுத்துப் பார்க்க வேண்டியது, நிரல் கேட்பது ஈஎம்எஸா எக்ஸ்எம்எஸா (எக்ஸ்டெண்டட் மெமரிக்கான விதிமுறை) என்பதை. அமைப்புக் கோப்பில் இரண்டையும் தனித்தனியே திறக்கலாம், மூடலாம். அல்டிமா 7 போன்றவற்றுக்கு ஈஎம்எஸை மூடிப் பார்க்க வேண்டும். எம்பி எண்ணிக்கையை 16இலிருந்து கூட்டுவதால் பெரும்பாலும் எதுவும் மாறாது.

'பேக்ட் ஃபைல்' செய்தி வந்தால் நிரலின் பெயருக்கு முன்னால் லோட்ஃபிக்ஸ் என்று சேர்த்துத் தட்டுங்கள். 1991இல் செய்த அதே வேலையைச் செய்ய, டாஸ்பாக்ஸும் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளையை வைத்திருக்கிறது.